'இல்லை' என்று எழுதுமுன்

ஒன்று இல்லை என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்போது வருகிறது? தேடிப் பார்த்த பிறகா? எவ்வளவு நேரம் தேடிய பிறகு, எந்தக் கருவியால் தேடிய பிறகு?

கேட்பதற்கு இது தத்துவ வகுப்புக்கு உரிய கேள்வி போல இருக்கும். எனக்கு இது தொழில் சார்ந்த கேள்வி. தொலைதூரத்தில் இருக்கும் இளம் கேலக்ஸிகளின் வாயுவை ரேடியோ அலைகளைக் கொண்டு அளப்பதுதான் நான் முனைவர் பட்டத்துக்காகப் படித்தது. இப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தபடி அந்த வேலையில் கொஞ்சத்தைத் தொடர்கிறேன். நாங்கள் தேடும் பொருள் பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொள்ளாது. அதனால் 'இல்லை', 'தெரியவில்லை', 'என் கருவிக்கு எட்டவில்லை' என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழகாமல் இந்தத் துறையில் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. இந்தப் பழக்கம் பெண்களைப் பற்றி யோசிக்கிற நமக்கும் வேண்டும் என்பது என் எண்ணம். அது எங்கே உதவும், எங்கே நம்மைத் தவறான பாதையில் இழுத்துவிடும் என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், ஏன் வாயு?

ஒரு கேலக்ஸியின் அழகான படத்தில் நாம் பார்ப்பது விண்மீன்களின் ஒளியை. விண்மீன்கள் வெந்து முடிந்த சோறு என்றால், வாயு இன்னும் உலையில் போடாத அரிசி. பானையில் இருக்கும் சோற்றைப் பார்த்து அந்த வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. குதிரில் அரிசி எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கேலக்ஸிகளில் விண்மீன்கள் மிக வேகமாகப் பிறந்துகொண்டிருந்தன. இன்று அந்த வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அரிசி தீர்ந்ததா, அடுப்பு அணைந்ததா என்பதே கேள்வி. விடை வாயுவிடம் இருக்கிறது. ஆனால் வாயு படத்தில் விழுவதில்லை.

விழாததற்குக் காரணம் எளிமையானது. விண்மீன்கள் பிறக்கும் மேகங்கள் மைனஸ் 250 டிகிரி செல்சியஸுக்கும் கீழே உறைந்து கிடப்பவை. அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து மூலக்கூறுகளாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே அணு. எந்தப் பக்கமும் மின்னூட்டம் கூடவோ குறையவோ இல்லை. இப்படிச் சமச்சீராக இருக்கும் மூலக்கூறு சுழலும்போது அதிலிருந்து ரேடியோ அலை கிளம்பாது. அகச்சிவப்பில் மெல்லியதாக ஒளிர வைக்கலாம் என்றால், அதற்கு இந்தக் குளிர் ஒத்துவராது. ஆக, ஒரு கேலக்ஸியின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் பொருள்தான் அங்கே மௌனமாக இருக்கிறது.

இதைச் சொன்ன நாளில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "பார்க்கவே முடியாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எப்படி மேடம் எடை மட்டும் சொல்றீங்க?" நல்ல கேள்வி. இதற்கு எங்களிடம் மூன்று பதில்கள் உண்டு. மூன்றுமே வேலை செய்கின்றன. மூன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

முதல் வழி, இன்னொருவரைக் கேட்பது.

அந்த மேகங்களில் பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கிறது. ஒரு பக்கம் கார்பன், மறுபக்கம் ஆக்சிஜன், சமச்சீர் கிடையாது. அதனால் கடுங்குளிரிலும் அது சுழலும்போது 115.27 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில், ரேடியோ அலையை வெளியிடும். நிறமாலையில் இது ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். 1970ல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் ஓரியன் நெபுலாவில் இந்தக் கோட்டை முதலில் கண்டார்கள். 1991ல் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கிளம்பி வந்த அலையில் இதே மூலக்கூறின் கோடு பிடிபட்டது. பிரபஞ்சம் விரிவதால் வழியில் அலைகளும் இழுபட்டு நீள்கின்றன. இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். கோடு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதிலிருந்தே அது எவ்வளவு பழையது என்று தெரிந்துவிடும்.

கார்பன் மோனாக்சைடின் பிரகாசத்தை அளக்கிறோம். அதை ஓர் எண்ணால் பெருக்குகிறோம். கிடைப்பதை ஹைட்ரஜனின் நிறை என்று எழுதுகிறோம். 2010ல் லிண்டா டக்கோனி தலைமையிலான குழு பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் இருந்த தொலைநோக்கியைக் கொண்டு இப்படித்தான் அளந்தது. அந்தக் காலத்து கேலக்ஸிகளில் மூலக்கூறு வாயுவின் பங்கு, இன்றைய பெரிய சுருள் கேலக்ஸிகளில் இருப்பதைப் போல 3 முதல் 10 மடங்கு என்று அறிவித்தது. அடுப்பில் தீ அதிகம் எரிந்ததற்கு, குதிரில் அரிசியும் அதிகம் இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று அப்போதுதான் உறுதியானது.

அந்தப் பெருக்கும் எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நம் சொந்த பால்வீதியிலிருந்து. அருகில் இருக்கிறது, நன்றாகத் தெரிகிறது, கார்பனும் ஆக்சிஜனும் வேண்டிய அளவு இருக்கிறது. ஆனால் ஒன்றோடொன்று மோதி வெறியோடு விண்மீன்களைப் பெறும் கேலக்ஸிகளுக்கு அந்த எண் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கார்பனும் ஆக்சிஜனும் குறைந்த ஏழைக் கேலக்ஸிகளில் நேர் எதிராக நடக்கிறது. புறஊதாக் கதிர்கள் கார்பன் மோனாக்சைடை உடைத்துப் போட்டுவிடுகின்றன. ஹைட்ரஜனோ தன்னைத் தானே மூடிக்காத்துக்கொண்டு உள்ளே இருக்கிறது. அதாவது வாயு இருக்கிறது, அதற்காகப் பேச வேண்டியவர் இல்லை. பால்வீதியின் எண்ணை அப்படியே எடுத்துப் பெருக்கினால் 'இங்கே ஏறக்குறைய ஒன்றும் இல்லை' என்று கணக்கு வரும்.

ஆதிகாலத்து கேலக்ஸிகளில் பலவும் இப்படி ஏழைகள்தான். அதனால் முதல் 100 கோடி ஆண்டுகளுக்குள் இருந்தவற்றைப் படிக்க வேறொரு பிரதிநிதியைத் தேடுகிறோம். ஒரு எலக்ட்ரானை இழந்த கார்பன் அணு 158 மைக்ரோமீட்டரில் வெளியிடும் கோடு அது. நம்மை வந்து சேரும்போது நீண்டு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஆகிவிடும். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு நிற்கும் அல்மா தொலைநோக்கி இதைப் பிடிக்கிறது. இதுவும் பிரதிநிதிதான். பலவகை வாயுக்களிலிருந்து வருவதால் இது யாருக்காகப் பேசுகிறது என்று தனியே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பெருக்கும் எண் என்றால் எனக்கு இன்னொரு கணக்கும் நினைவுக்கு வரும். நான் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் சாலை விபத்தில் என் அம்மா இறந்துபோனார். இழப்பீட்டு வழக்குக்காக வக்கீல் கணக்குப் போட்டார். சம்பாதிக்காத மனைவியின் வருமானம் என்பது சம்பாதிக்கும் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் அப்போது அப்படித்தான் இருந்தது. அப்பா மில்லில் எழுத்தர். அவருடைய சம்பளச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் வைத்து, இரண்டிலும் இருந்த தொகையைக் கூட்டி, மூன்றால் வகுத்தார்கள்.

வங்கிப் புத்தகத்தில் இருந்த பணத்தில் பெரும்பகுதி பால் பணம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இரண்டு மாடுகளைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியவர் அம்மா. உறுப்பினர் அட்டை அப்பா பெயரில் இருந்ததால் பணமும் அவர் பெயரில் ஏறியது. அம்மா உழைத்த பணத்தை அப்பாவின் வருமானம் ஆக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கை அம்மாவின் மதிப்பு என்று திருப்பித் தந்தது கணக்கு. வக்கீல் கெட்டவர் அல்ல. எங்களுக்கு நல்லது செய்யத்தான் அந்த மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார். அதுவும் இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதியிருப்பார்கள்.

இதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். பிரதிநிதியை வைத்து அளப்பதே அநீதி என்று என்னால் சொல்ல முடியாது. கார்பன் மோனாக்சைடு இல்லாவிட்டால் ஹைட்ரஜனைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம்தான் தெரிந்திருக்கும். கேட்க வேண்டியது வேறு. பெருக்கும் எண் யாருடைய வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது? அது எண் மட்டும்தான், உண்மை அல்ல என்பது கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதா? எங்கள் கட்டுரைகளில் எந்த எண்ணைப் பயன்படுத்தினோம், ஏன், அது பிழையானால் முடிவு எவ்வளவு மாறும் என்று எழுதியே தீர வேண்டும். எழுதாவிட்டால் மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் கணக்கில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. மூன்றில் ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, நிழலைப் பார்ப்பது.

வெகுதூரத்தில் குவாசார் என்று ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும் கருந்துளையைச் சுற்றி விழும் பொருளால் எரியும் மிகப் பிரகாசமான விளக்கு அது. நமக்கும் அதற்கும் நடுவில் ஒரு கேலக்ஸி வந்தால், அதன் வாயு குவாசார் ஒளியில் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உறிஞ்சிவிடும். நிறமாலையில் இருண்ட பள்ளம் விழும். அந்தக் கேலக்ஸியின் சொந்த ஒளி ஒரு துளிகூட நமக்குத் தெரியாவிட்டாலும், 'இங்கே ஹைட்ரஜன் இருக்கிறது' என்று அந்தப் பள்ளம் சொல்லிவிடும். 2020ல் அறிவிக்கப்பட்ட 'உல்ஃப் வட்டு' என்ற கேலக்ஸி இப்படித்தான் முதலில் தட்டுப்பட்டது. பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆனபோது இருந்தது அது. நிழல் விழுந்த இடத்துக்கு அருகே அல்மாவைத் திருப்பிக் கார்பன் கோட்டைத் தேடியபோது, நொடிக்கு சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் சுழலும் குளிர்ந்த வட்டு ஒன்று தெரிந்தது. அவ்வளவு சீக்கிரத்தில் இப்படி ஒழுங்கான வட்டு உருவாகியிருக்கும் என்று பலர் எதிர்பார்த்திருக்கவில்லை. பிரகாசமானவற்றை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் அது அகப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு.

நிழல் வழியின் விலை என்ன? விளக்குக்கு முன்னால் நிற்க நேர்ந்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பது உட்பட, இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பெண்களின் பெயர்கள் இவ்வளவு ஒழுங்காகக் கிடைப்பது பெரிய கொடை. அவர்கள் நமக்குத் தெரிவது ராஜராஜன் என்ற விளக்கின் முன்னால் நின்றதால். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பங்காக அளந்த நெல்லை நட்டு, களையெடுத்து, குத்திப் புடைத்த பெண்களுக்குப் பின்னால் எந்த விளக்கும் இல்லை. 400 பெயர்களைப் படிக்கும்போது அந்த மற்றவர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விளக்கு இல்லாத திசையை வெற்றிடம் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது வழி, கூட்டுவது.

மூலக்கூறாகச் சேராமல் தனி அணுவாக இருக்கும் ஹைட்ரஜன் முழு மௌனி அல்ல. அது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் பேசும், ஆனால் மிக மெதுவாக. தனியே விடப்பட்ட ஓர் அணு அந்த அலையை ஒருமுறை வெளியிடச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் ஆகும். அணுக்கள் ஏராளமாக இருப்பதால்தான் நமக்குக் கேட்கிறது. பக்கத்து கேலக்ஸிகளில் சுலபமாகக் கேட்கும். தூரம் போகப் போகக் கருவியின் இரைச்சலில் மூழ்கிவிடும்.

புனே அருகே கோடாட் கிராமத்தைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ஆன்டெனாக்கள் நிற்கின்றன. ஜிஎம்ஆர்டி என்று அழைக்கப்படும் அந்தத் தொலைநோக்கியைக் கொண்டு புனே, பெங்களூரு ஆய்வாளர்கள் சுமார் 100 மணிநேரம் வானத்தின் சில பகுதிகளைக் கவனித்தார்கள். அங்கே 7,653 கேலக்ஸிகள் இருந்தன. சராசரியாக 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. அவற்றின் 21 சென்டிமீட்டர் கோடு 42 சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டுபோய் வந்து சேர்கிறது. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் இரைச்சல் மட்டும்தான். அந்த 7,653 இரைச்சல்களையும் அவற்றின் வேகத்தையும் இடத்தையும் சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தார்கள். சந்தைச் சத்தத்தில் ஒருத்தி மெல்ல முணுமுணுப்பது காதில் விழாது. தினமும் அதே நேரத்தில் அதையே முணுமுணுக்கிறாள் என்றால், பல்லாயிரம் நாள் ஒலிப்பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போது சந்தைச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும், முணுமுணுப்பு நிற்கும். 7,653ஐச் சேர்த்தால் இரைச்சல் சுமார் 87இல் ஒரு பங்காகிவிடும். கோடு தெரிந்தது. 2020ல் முடிவு வெளியானது. அந்தக் கேலக்ஸிகளில் சராசரியாக 1,200 கோடி சூரியன்களின் நிறை அளவுக்கு ஹைட்ரஜன் அணுக்கள் இருந்தன. அவை விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருந்த வேகத்துக்கு அது 100 அல்லது 200 கோடி ஆண்டுகளுக்கே போதும். வெளியிலிருந்து புது வாயு போதுமான அளவு வந்து சேராததால்தான் விண்மீன் பிறப்பு சரிந்தது என்ற விளக்கத்துக்கு இது பலம் சேர்த்தது.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். 7,653இல் எந்த ஒன்றின் வாயுவும் நமக்குத் தெரியாது. செல்வம் மிகுந்த ஒன்றும் காய்ந்துபோன ஒன்றும் அந்தச் சராசரிக்குள் கரைந்துவிட்டன. இன்னொன்றை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. கூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் வேறு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஒவ்வொரு கேலக்ஸியின் செம்பெயர்ச்சியையும் குறித்து வைத்திருந்தார்கள். முகவரி தெரியாதவரைக் கூட்டில் சேர்க்க முடியாது.

இந்தியாவில் 2019ல் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்தது. வீட்டுக்குள் கூலியில்லாமல் வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அப்படிச் செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள் என்று அது சொன்னது. வீடுதோறும் இருக்கும் 'சும்மாதான் இருக்கேன்' என்ற முணுமுணுப்புகள் கூடி ஓர் எண் ஆயின. 2021ல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசிகளின் உழைப்பை மதிப்பிடும் தீர்ப்பில் இந்த எண்களையே எடுத்துக் காட்டியது. தனியாக ஒருத்தி நீதிமன்றத்தில் நின்று சொன்னால் இரைச்சல். கூட்டினால் சான்று. அதே சமயம் 299 என்ற எண்ணுக்குள் என் அம்மாவின் நாலு மணி இல்லை. வீடு என்ற முகவரியே இல்லாத பெண்கள் அந்தக் கூட்டில் எப்படிச் சேர்வார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இதுவரை ஹைட்ரஜனையும் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தேன். இங்கே நிறுத்தி அந்த ஒப்புமையை உடைக்க வேண்டும். உடைக்காமல் விட்டால் அது நமக்கே எதிராகத் திரும்பும்.

ஹைட்ரஜன் மூலக்கூறு மௌனமாக இருப்பது அதன் இயல்பு. யாரும் அதை அடக்கவில்லை. இரண்டு அணுக்களின் சமச்சீர், அவ்வளவுதான். பெண்களின் மௌனம் அப்படிப்பட்டது அல்ல. பெண்கள் இயல்பிலேயே அமைதியானவர்கள், பொறுமையானவர்கள், தங்களைக் காட்டிக்கொள்ளாதவர்கள் என்று சொல்லி வந்தவர்களுக்கு இந்த ஒப்புமை ஒரு புதுப் பாட்டைக் கொடுத்துவிடும். என் அம்மா பேசாதவர் இல்லை. பால் அளவில் ஏமாற்றினால் சொசைட்டி வாசலிலேயே சண்டை போடுவார். அவர் பேசியது பதிவாகும் நோட்டுப் புத்தகம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

என் துறைக்குள்ளேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். தனித்தனி ஆன்டெனாக்கள் பெறும் அலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கணக்கின் வழியே வானத்தின் படத்தை மீட்டெடுக்கலாம் என்பதுதான் அல்மாவும் ஜிஎம்ஆர்டியும் இயங்கும் அடிப்படை. 1947ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கருத்து எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதிய மூவரில் ஒருவர் ரூபி பெய்ன்-ஸ்காட் என்ற ஆஸ்திரேலியப் பெண். கடலோரப் பாறை மேல் ஆன்டெனாவை வைத்து, சூரியனிலிருந்து நேரே வரும் ரேடியோ அலையையும் கடல்மேல் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்து அளந்தவர்களில் அவரும் ஒருவர். 1944ல் அவர் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார். மணமான பெண்ணுக்கு நிரந்தர அரசுப் பணி கிடையாது என்பது அன்றைய விதி. 1950ல் விஷயம் வெளியே தெரிந்தபோது நிரந்தரப் பதவி பறிபோனது. 1951ல் கருவுற்றிருந்தபோது மகப்பேறு விடுப்பு என்ற ஏற்பாடே இல்லாததால் வேலையை விட்டு வெளியேறினார். பின்னாளில் பள்ளி ஆசிரியை ஆனார். அந்த விதி 1966ல்தான் நீங்கியது. 1952க்குப் பிறகு ரேடியோ வானியலில் அவர் பெயரில் வேலை எதுவும் இல்லை என்று பட்டியல்கள் காட்டும். அந்த 'இல்லை'யை ஒரு விதி எழுதியது. இயற்கைக்கு அதில் பங்கில்லை.

ஆகவே முதல் பாடம் இதுதான். மௌனத்தைக் கண்டால் அது எவ்வகை மௌனம் என்று கேட்க வேண்டும். ஹைட்ரஜனுடையது போல இயல்பானதா, பெய்ன்-ஸ்காட்டினுடையது போல விதியால் ஆனதா, என் அம்மாவுடையது போல கேட்கும் கருவி வேறு திசையில் திரும்பியிருந்ததால் வந்ததா? நான்காவதாக ஒன்றும் உண்டு. ஆதி பிரபஞ்சம் முழுவதையும் நிறைத்திருந்த பின்னணிக் கதிர்வீச்சு இன்றையதைவிட வெப்பமானது. முதல் 100 கோடி ஆண்டுகளின் முடிவில் அது விண்மீன் பிறக்கும் குளிர்மேகங்களின் வெப்பநிலையையே எட்டியிருந்தது. பொருளும் பின்னணியும் ஒரே வெப்பத்தில் இருந்தால் கோடு தெரியாது, ஏனென்றால் நாம் அளப்பது வித்தியாசத்தை மட்டும்தான். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதும் இப்படித்தான்.

இரண்டாவது பாடம் நமக்குக் கொஞ்சம் கசப்பானது. 'பதிவு இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். சரியான வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டு எதையும் நிறுவிவிடலாம் என்ற ஆபத்தும் அதில் உண்டு. ஒரு காலத்தில் பெண்கள் எல்லாவற்றையும் ஆண்டார்கள், பதிவுகள்தான் அழிந்துவிட்டன என்று யாரும் சொல்லலாம். என் துறை இதற்கு இடம் கொடுக்காது. தேடியும் கோடு தெரியாதபோது நாங்கள் பூஜ்யம் என்று எழுதுவதில்லை. விரும்பிய எண்ணையும் எழுதுவதில்லை. 'மேல் வரம்பு' என்று ஒன்றை எழுதுகிறோம். இவ்வளவு மணிநேரம், இந்தக் கருவியால் தேடினோம். இங்கே வாயு இருந்தால் இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது. அதற்குள் எவ்வளவும் இருக்கலாம். இதுதான் அதன் பொருள். தேடியவர் தன் கருவியின் வலிமையையும் வரம்பையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரி செல்லும். எதிரில் இருப்பதைப் பற்றிய வாக்கியமாகத் தோன்றினாலும் பாதி வாக்கியம் நம்மைப் பற்றியது.

நம் அரசாங்கப் பதிவேடுகளில் இந்தப் பாதி விடுபட்டுவிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண் 'வேலை செய்யாதோர்' பட்டியலில் இருக்கிறாள். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பிரிவில் வைத்ததை 2010ல் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்லிக் கண்டித்தது. யாரோ பெண்களை வெறுத்து அப்படி எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் படிவத்துக்குச் சந்தைக் கூலி என்ற ஓர் அலைவரிசை மட்டும்தான் கேட்கும். அதில் கேட்காததை 'எங்களுக்குக் கேட்கவில்லை' என்று எழுதாமல் 'இல்லை' என்று எழுதினார்கள். தவறு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பித்தான் இழப்பீடும் ஓய்வூதியமும் நில உரிமையும் அடுத்தடுத்த மேஜைகளில் முடிவாகின்றன.

என் மாணவிகளில் சிலர் இந்த ஆண்டு சமூகவியல் மாணவிகளோடு சேர்ந்து தங்கள் ஊர்களில் மூத்த பெண்களின் உழைப்பைப் பற்றிக் குறிப்பெடுக்கப் போகிறார்கள். அவர்களுக்காக ஒரு படிவம் தயார் செய்தோம். 'தொழில்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் மேலும் மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறோம். யாரிடம் கேட்டோம்? எவ்வளவு நேரம் கேட்டோம்? பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள்? ஒரு பாட்டி மருமகள் முன்னால் சொல்லாததைத் தனியே சொல்லலாம், மகன் முன்னால் சொல்லாமலே விடலாம். 'ஒன்றுமில்லை' என்று பாட்டி சொன்னால் அதையும் அப்படியே எழுத வேண்டும், அவர் சொன்ன சொல்லாக, மேற்கோள் குறிக்குள். நம் முடிவாக அல்ல.

படிவத்தைப் பார்த்துவிட்டு அதே இரண்டாம் ஆண்டு மாணவி மறுபடி கேட்டாள். "இவ்வளவு செஞ்சும் எதுவும் தெரியலைன்னா என்ன மேடம் எழுதறது?" எங்கள் துறையில் எழுதுவதைத்தான் சொன்னேன். எங்கே தேடினாய், எதைக்கொண்டு தேடினாய், எதுவரை கேட்டது என்று எழுதும்மா. அடுத்து வருகிறவள் அங்கிருந்து தொடங்குவாள்.